சாம்பு சென்னைக்கு வந்த கதை

நான் பூனைப் பிரியன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சாம்பு என் மனைவியின் பூனை. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மாடிப்படிக்குக் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அவள்தான் முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுவந்தாள். "மழை விடுற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். மழை விட்டு ஆறு வருடமாயிற்று, குட்டி போகவில்லை. பெயர் மட்டும் நான் வைத்தது. சாம்பல் நிறம். அதோடு, எலியைத் தேடிப் போய் என் தொலைந்த மூக்குக் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற சாமர்த்தியம். தேவனின் துப்பறியும் சாம்புவைப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

2022 மே மாதம் நாங்கள் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மகள் நங்கநல்லூரில் இருக்கிறாள். அவள் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு, "இனிமே நீங்க ரெண்டு பேரும் அங்க தனியா இருக்கக் கூடாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். முப்பது வருடம் இருந்த வீடு. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பேச்சு பூனையிடம் வந்து நின்றது. "பக்கத்து வீட்டுல சொல்லி விட்டுட்டு வாங்கப்பா. நாய்தான் ஆளைத் தேடும், பூனை வீட்டைத்தான் தேடும்னு ஆச்சி சொல்லுவாங்கல்ல" என்றாள் மகள். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நல்லதாயிற்று. போனை வாங்கிய மனைவி, "அவன் வரலைன்னா நானும் வரலை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரயிலில் கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். முதல் வகுப்பில் ஒரு அறையை முழுதாக எடுத்துக்கொண்டால்தான் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு வண்டியில் கூண்டில் போக வேண்டும் என்றார்கள். அந்த இருட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமா என்று மனைவி கேட்ட கேள்வியோடு அந்த யோசனை முடிந்தது. வாடகைக் கார்தான் என்று முடிவாயிற்று. எனக்குக் கண்புரை அறுவை ஆகி நெடுஞ்சாலையில் ஓட்டுவதை விட்டு நாளாகிவிட்டது.

கால்நடை மருத்துவரிடம் போனோம். இளம் பெண். என் பேத்தியைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கலாம். மிகவும் பொறுமையாகச் சொன்னார். இதையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். யாருக்காவது பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கூண்டைப் புறப்படும் அன்று வாங்கக் கூடாது. இரண்டு வாரம் முன்பே வாங்கி, கதவைத் திறந்து, கூடத்தில் போட்டுவிட வேண்டும். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய துணியைத் துவைக்காமல் விரிக்க வேண்டும். சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வைக்க வேண்டும். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாந்திதான். வண்டியில் கூண்டை மெல்லிய துணியால் மூடிவிட்டால் பயம் குறையும். வாயைத் திறந்துகொண்டு நாய் மாதிரி மூச்சு வாங்கினால் பூனைக்கு ஆபத்து, உடனே நிறுத்திக் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்க மாத்திரை தரலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், இவனுக்குத் தேவைப்படாது. நீங்களா மனுஷங்க மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க. பாராசிட்டமால் ஒண்ணு போதும், பூனை செத்துடும்" என்றார். பூனைக்குப் பால் ஆகாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம். நாம் காலங்காலமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். "என்ன கத்தினாலும், எவ்வளவு பாவமா இருந்தாலும், ஓடுற வண்டியில கூண்டைத் திறக்காதீங்க." இதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

அது வழக்கமாக ஒதுங்கும் தோட்டத்து மண்ணையும் கொஞ்சம் எடுத்துப் போகச் சொல்லியிருந்தார். சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் சிமென்ட் பையில் மண்ணைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், மெட்ராஸ்ல மண்ணு கிடைக்காதா?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்ல?

புறப்பட்ட அன்று காலை நாலு மணி. கத்திரி வெயிலுக்கு முன்னால் பாதி தூரத்தையாவது கடந்துவிட வேண்டும் என்ற கணக்கு. டிரைவர் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். பின் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே கூண்டை வைத்து பெல்ட் போட்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்த தம்பி, துணியை விலக்கிப் பார்த்துச் சிரித்தார். "பூனை குறுக்க போனாத்தான சார் சகுனம் சரியில்லம்பாங்க. கூடவே வந்தா என்னன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

வண்டி நகர்ந்ததும் சாம்பு கத்த ஆரம்பித்தது. அது பசிக்குக் கத்துவது எனக்குத் தெரியும், கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவதும் தெரியும். இது அடிவயிற்றிலிருந்து, நீளமாக, ஒரு குழந்தை கேவுவது போல வந்தது. தாழையூத்து, கங்கைகொண்டான், கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று வழக்கமாக அங்கே ஏதாவது சொல்லுவேன். அன்று பேசவில்லை. கோவில்பட்டிக்கு முன் எச்சில் ஒழுகி வாந்தியும் எடுத்தது. பயணம் ஒத்துக்கொள்ளாமல் மனிதருக்கு வருவது போலத்தான். ஓரமாக நிறுத்தி, கதவுகளையெல்லாம் மூடிவிட்டு, மனைவி கூண்டுக்குள் கையை விட்டுத் துணியை மாற்றினாள். மாற்றுக்கு இன்னொரு பழைய சேலை எடுத்துவந்திருந்தாள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்காமல் அந்த ஊரைக் கடந்தது என் வாழ்நாளில் அது ஒருமுறைதான்.

சாத்தூர் தாண்டியதும் சத்தம் குறைந்தது. விருதுநகரில் சுத்தமாக நின்றுவிட்டது.

"பழகிட்டான் போல" என்றாள் மனைவி, நிம்மதியாக. எனக்கு நிம்மதி வரவில்லை. கை சில்லிட்டது. துணியை விலக்கிப் பார்த்தேன். கண் இரண்டும் முழுக் கருப்பாக விரிந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் ஒட்டிக் கிடந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. வாய் மூடியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்த மௌனத்தை முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1963. எனக்குப் பத்து வயது. சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் எங்கள் கிராமம். வீட்டுக்கு ஒரு பூனை வந்து போய்க்கொண்டிருந்தது. கருப்பும் வெள்ளையும் கலந்த பெட்டை. உறியிலிருந்த பால் சட்டியை அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகத் தள்ளிவிட்டது. அப்பா கோபக்காரர். அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு, "ஏலே, இதைக் கொண்டுபோய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வாங்க" என்றார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பிடிக்கச் சிரமமே இல்லை. நான் கூப்பிட்டதும் வந்தது. நான்தான் கூப்பிட்டேன். சாக்கில் போட்டு வாயைக் கட்டினோம். வழி தெரியக் கூடாது என்று ஆற்றங்கரையில் அண்ணன் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றினான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கோடையில் முழங்கால் தண்ணீர்தான். பாதி ஆறு வரை பூனை கத்திக்கொண்டே வந்தது. நடு ஆற்றில் திடீரென்று நின்றுவிட்டது. "செத்துப் போச்சாண்ணே?" என்றேன். அவன் சாக்கை என் முதுகில் மாற்றினான். "நீயே பாரு" என்றான். சாக்கு வழியாக அதன் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது தெரிந்தது.

அக்கரையில் வாழைத் தோப்பு. கட்டை அவிழ்த்தோம். ஓடும் என்று நினைத்தோம், ஓடவில்லை. உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டது. நாங்கள் திரும்பி நடந்ததும் பின்னாலேயே வந்தது. தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டது. நடு ஆற்றில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள். "அவுத்து விட்டதும் ஓடிப் போயிட்டும்மா" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. நாற்பத்து நாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அன்று மேலூர் தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்னால், கேட்காமலேயே சொல்லிவிட்டேன். டிரைவர் தம்பி ரேடியோவை அணைத்தார்.

மனைவி வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விராலிமலை வந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை கடைசி வரைக்கும் ராத்திரி புறவாசல்ல ஒரு சிரட்டையில பால் வச்சுட்டுத்தான் படுப்பாங்க. யாருக்குன்னு கேட்டா, ஏதாச்சும் வரும்ம்பாங்க. அது இதுக்குத்தானா?"

எனக்கு பதில் சொல்ல வரவில்லை. அம்மா பால் வைப்பதை நானும் எத்தனையோ வருடம் பார்த்தவன்தான்.

திருச்சிக்கு வெளியே டிபன். மூன்று பேரும் ஒன்றாக இறங்க முடியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் சில நிமிடத்திலேயே அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் ஏசியை ஓடவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருந்தோம். காவிரிப் பாலத்தில் ஏறும்போது மனைவி மலைக்கோட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இனி வருவது என் முட்டாள்தனம். பெரம்பலூர் தாண்டியிருந்தோம். மனைவி கண்ணயர்ந்திருந்தாள். கூண்டுக்குள் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. லேசாகத் தலையைத் தடவிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு கோடு போட்ட வரி ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. கொக்கியை விலக்கி, கம்பிக் கதவை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தேன்.

பூனைக்கு எலும்பு இல்லையோ என்று சந்தேகப்படும் அளவுக்கு, தண்ணீர் வழிகிற மாதிரி வெளியே வந்தது. முன் சீட்டுகளின் நடுவே புகுந்து மறைந்துவிட்டது. அடுத்த நொடி டிரைவர் தம்பியின் குரல். "சார், கால்ல இருக்கு சார்."

வேகம் தொண்ணூறு. பின்னால் ஒரு ஆம்னி பஸ். பிரேக் பெடலுக்கு அடியில் பூனை. அந்தத் தம்பி கத்தவில்லை, காலை உதறவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், இண்டிகேட்டரைப் போட்டார், வண்டி தானாக வேகம் குறையக் குறைய ஓரத்துக்குக் கொண்டுவந்தார், கடைசியில் ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து நிறுத்தினார். பஸ் ஹாரன் அலற எங்களை உரசிக்கொண்டு போனது. அந்தக் கால்மணிக்கு ஒரு தரம் நான் கடவுளை நினைக்கிறவன் இல்லை, அன்று நினைத்தேன்.

"யாரும் கதவைத் திறந்துடாதீங்க" என்றார் தம்பி. இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாம்பு அவர் சீட்டுக்கு அடியில் கம்பிகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. விழித்துக்கொண்ட மனைவி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க பத்து வயசுல செஞ்ச பாவத்தைக் கழிக்க, என் பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்களே. அந்தத் தம்பிக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

தீனிப் பாக்கெட்டைக் குலுக்கினாள். வரவில்லை. கொஞ்சினாள். வரவில்லை. நான் கையை விட்டுப் பார்த்தேன், இன்னும் உள்ளே போயிற்று. வெளியே அனல். லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஆடியது. அரைமணி நேரம் போயிருக்கும். தம்பிதான் சொன்னார், "நாம மூணு பேரும் கொஞ்சம் சும்மா இருப்போமா சார்?"

கூண்டை எடுத்துக் கீழே வைத்து, கதவை அகலத் திறந்து, சேலையின் ஒரு நுனியை வெளியே இழுத்துவிட்டோம். பேச்சை நிறுத்தினோம். ஏசி இரைச்சல் மட்டும். பத்து நிமிடமோ, பதினைந்தோ. சீட்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு வந்தது. சேலையை முகர்ந்தது. யாரையும் பார்க்காமல், அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டே போவது போல, தானாகக் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கொக்கியைப் போடும்போது என் கை நடுங்கியதால் மனைவிதான் போட்டாள். பிறகு அந்தக் கூண்டை என் பக்கம் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள், வலிக்கிற முழங்காலின் மேல். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று தாம்பரம் வரை அப்படியேதான் வந்தாள். இறங்கும்போது டிரைவர் தம்பியிடம் பேசிய வாடகைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "கார்ல பூனை ஏத்தினது இதான் மொத தடவை சார். ரெண்டாவது தடவை வேண்டாம்" என்றார்.

நங்கநல்லூர் வீட்டில் ஒரு சிறிய அறையை அதற்கென்று ஒதுக்கினோம். பாளையங்கோட்டை மண் ஒரு தட்டில், கூண்டு ஒரு மூலையில். மூன்று நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை. இரவில் மட்டும் சாப்பிட்டிருந்தது. பத்தாவது நாள் கதவு நிலையிலும் பீரோ முனையிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தது. அது தன் வாசனையை வைத்து, இது என் இடம் என்று எழுதிவைக்கிற வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மகளுக்குப் போன் பண்ணி, நாம் பத்திரம் பதிந்த மாதிரி சாம்பு பதிந்துவிட்டது என்றேன்.

மூன்று வாரம் கழித்து வெளியே விட்டோம். பசியோடு விட்டால் சாப்பாட்டுக்குத் திரும்பும் என்பதால் மாலை ஐந்து மணிக்கு. புறவாசல் கதவைத் திறந்தேன். வாசற்படியில் நின்று காற்றை முகர்ந்தது. காம்பவுண்டுச் சுவரில் ஏறியது. அந்தப் பக்கம் குதித்தது.

ஏழு மணி. எட்டு மணி. வரவில்லை. தெரு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தரம் தெருமுனை வரை போய் வந்தேன். புது ஊரில் ஒரு கிழவன் "சாம்பு, சாம்பு" என்று கூப்பிட்டுக்கொண்டு போவதைப் பார்த்து யாரோ, "பேரன் காணோமா சார்?" என்று கேட்டார்கள். மனைவி கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு அடுக்களைக்குப் போனேன். காலையில் சட்னிக்குத் துருவிய தேங்காயின் சிரட்டை கிடந்தது. கழுவி, கொஞ்சம் பாலை ஊற்றிக்கொண்டு போய்ப் புறவாசல் படியில் வைத்தேன். பூனைக்குப் பால் ஆகாது என்று எழுதிய நோட்டு அலமாரியில்தான் இருந்தது. திரும்பும்போது மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படியருகே உட்கார்ந்தேன்.

பதினோரு மணி இருக்கும். பக்கத்து வீட்டு சன்ஷேடில் ஒரு நிழல் அசைந்தது. சுவருக்கு இறங்கி, சுவரிலிருந்து துணி துவைக்கும் கல்லுக்கு இறங்கி, அவசரமே இல்லாமல் வந்தான். காதில் எங்கேயோ ஒட்டடை. சிரட்டையை முகர்ந்து பார்த்தான். குடிக்கவில்லை. என் காலில் ஒருமுறை உரசிவிட்டு உள்ளே போனான்.

"வந்துட்டானா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டான்" என்றேன்.

சிரட்டையை எடுக்கவில்லை. காலையில் பார்த்தபோது காலியாக இருந்தது. எது வந்து குடித்தது என்று தெரியவில்லை.